உதவித்தொகை முடிந்த மறுநாள்: கணினி அறிவியலில் இரண்டு அமெரிக்கத் திட்டங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணினி அறிவியல் துறைகளில் பெண்களும், கறுப்பின, ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வழி வந்த), பூர்வகுடிப் பின்னணி கொண்டவர்களும் பேராசிரியர்களாக மிகக் குறைவாகவே இருக்கிறார்கள் என்பது பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்துச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அங்குள்ள கணினி ஆய்வுச் சங்கம் 1974 முதல் நடந்துவரும் டால்பி கணக்கெடுப்பின் வழியாக ஒவ்வோர் ஆண்டும் இதைப் பதிவு செய்கிறது. கணினித் துறையில் முனைவர் பட்டம் பெறுவோரில் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். கறுப்பினத்தவரையும் ஹிஸ்பானிக் பின்னணியினரையும் சேர்த்துக் கூட்டினாலும் ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களில் 12.4 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர், 18.7 விழுக்காட்டினர் ஹிஸ்பானிக் பின்னணியினர்.

இந்த இடைவெளியைக் குறைக்கக் கையாளப்பட்ட வழிகளுள் ஒன்று முதுமுனைவர் ஆய்வு உதவித்தொகை. துறைக்குள் எல்லாரும் போஸ்ட்டாக் என்றே சொல்லும் இந்த நிலை, முனைவர் பட்டத்துக்கும் பேராசிரியர் பதவிக்கும் இடையே ஓரிரு ஆண்டுகள் நீடிக்கும் ஆய்வுப்பணி. இதற்கென அமெரிக்காவில் உருவான திட்டங்களில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கிய தலைவர் முதுமுனைவர் உதவித்தொகைத் திட்டம். எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது, கணினி அறிவியலும் அதில் அடக்கம். மற்றொன்று, 2009-இல் கணினித் துறைக்கென்றே தொடங்கப்பட்ட சிஐஃபெலோஸ் எனப்படும் கணினிப் புத்தாக்க ஆய்வாளர் திட்டம். முன்னது பன்மைத்துவத்துக்காகவே, அதாவது குறைவாக உள்ள பிரிவினரை உள்ளே கொண்டுவரவே, பிறந்தது. பின்னது வேலையின்மையைச் சமாளிக்கப் பிறந்து, போகிற போக்கில் பன்மைத்துவத்தையும் தொட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: உதவித்தொகையின் அளவும் அதன் பெயருக்குள்ள மதிப்பும் ஓரளவுக்கு மேல் பயன்படுவதில்லை; அது முடிந்த மறுநாள் அந்த ஆய்வாளர் எங்கே போவார் என்பதற்குத் திட்டமே ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறதா என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன.

போஸ்ட்டாக் இல்லாமலே ஓடிய துறை

உயிரியலிலும் வேதியியலிலும் முனைவர் பட்டத்தோடு நேரே பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பது அரிது. சில ஆண்டுகள் இன்னோர் ஆய்வகத்தில் உழைத்த பிறகே அந்தப் பேச்சு எழும். கணினி அறிவியலில் நீண்ட காலம் அப்படி இல்லை. மாணவர் ஆய்வேட்டை முடிக்கும் ஆண்டிலேயே உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பார், அல்லது மென்பொருள் நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவுக்குப் போய்விடுவார். அங்கே கிடைக்கும் சம்பளத்துக்கும் போஸ்ட்டாக் சம்பளத்துக்கும் இடையிலான தூரம் வேறு எந்த அறிவியல் துறையிலும் இவ்வளவு பெரிதாக இல்லை. கல்விக்கடன் உள்ளவருக்கும், வீட்டில் தன் வருமானத்தை நம்பிப் பெற்றோரும் உடன்பிறந்தாரும் இருப்பவருக்கும், இரண்டு ஆண்டு போஸ்ட்டாக் என்பது இரண்டு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுப்பது. இந்த இழப்பைத் தாங்கும் வசதி யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டால், உதவித்தொகை யாருக்காக உருவாக்கப்பட்டதோ அவர்களில் பலரும் இல்லாதவர் பட்டியலில்தான் வருவார்கள்.

அப்படியிருக்க இதை ஏன் ஒரு வழியாகக் கருத வேண்டும்? விடை, அந்நாட்டுக் கணினித் துறைகள் ஆசிரியர்களை எங்கிருந்து எடுக்கின்றன என்பதில் இருக்கிறது. ஏரன் கிளாசெட், சாமுவேல் ஆர்பெஸ்மன், டேனியல் லாரமோர் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, கணினி அறிவியல், வணிகவியல், வரலாறு ஆகிய துறைகளில் ஏறத்தாழ 19,000 ஆசிரியர்கள் எங்கே முனைவர் பட்டம் பெற்றார்கள், எங்கே பணியில் இருக்கிறார்கள் என்று தொகுத்தது. இத்துறைகளில் நான்கில் ஒரு பங்கு நிறுவனங்களே ஆசிரியர்களில் 71 முதல் 86 விழுக்காட்டினரை உருவாக்கியிருந்தன. கணினி அறிவியலை மட்டும் எடுத்துக்கொண்டால், 18 பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களே மொத்த ஆசிரியர்களில் பாதிப்பேர். தான் படித்த இடத்தைவிட மதிப்பு கூடிய இடத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவர்கள், துறைக்குத் துறை சற்றே மாறினாலும், 9 முதல் 14 விழுக்காடு மட்டுமே. நம்மூரில் ஐஐடி முத்திரை பற்றிப் பேசுவோமே, அதைவிட இறுக்கமான படிநிலை இது என்று எண்ணத் தோன்றுகிறது.

இதன் தொடர்ச்சியாக 2016-இல் சாமுவேல் வே, லாரமோர், கிளாசெட் மூவரும் வட அமெரிக்காவின் 205 கணினித் துறைகளைச் சேர்ந்த 2,659 ஆசிரியர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெண்கள் 15 விழுக்காடு. பட்டம் பெற்ற இடத்தின் மதிப்பும் விண்ணப்பதாரரின் வெளியீட்டு எண்ணிக்கையும் கணக்கில் வந்துவிட்ட பிறகு, பாலினத்தைத் தனியாகச் சேர்ப்பதால் நியமன முடிவுகளை மேலும் துல்லியமாக விளக்க முடியவில்லை என்று அவர்கள் கண்டார்கள். பாகுபாடே இல்லை என்று இதைப் படிப்பது அவசரம். வெளியீட்டு வேகத்திலும், போஸ்ட்டாக் பயிற்சி பெறும் விகிதத்திலும், மதிப்பு கூடிய இடத்துக்கு நகர்வதிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுபாடுகள் இருந்தன. பாலினம் அந்த வாசல்கள் வழியாக மறைமுகமாக உள்ளே நுழைகிறது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. போஸ்ட்டாக் உதவித்தொகை தொடக்கூடிய இடமும் இதுவே. பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு பல்கலைக்கழகத்தின் பெயரையும், இன்னொரு பேராசிரியரின் பரிந்துரையையும், நான்கைந்து கட்டுரைகளையும் சேர்க்க முடியும்.

நெருக்கடியில் பிறந்த திட்டம்

2008-இன் நிதி நெருக்கடி பல்கலைக்கழகங்களின் வைப்புநிதிகளையும் மாநில அரசுகளின் ஒதுக்கீடுகளையும் ஒருசேரக் கரைத்தது. அடுத்த ஆண்டு பட்டம் பெறவிருந்த மாணவர்கள் நேர்காணலுக்கு அழைக்கப்படவிருந்த நேரத்தில் துறைகள் பணியிட விளம்பரங்களைத் திரும்பப் பெற்றன. கணினி ஆய்வுச் சங்கத்தின் கீழ் இயங்கும் கணினிச் சமூகக் கூட்டமைப்பும், ஆய்வுகளுக்கு நிதி தரும் அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையும் சில மாதங்களுக்குள் ஒரு திட்டத்தை உருவாக்கின. அரசுப் பணத்தில் இயங்கும் ஒரு திட்டம் இவ்வளவு விரைவாக நடைமுறைக்கு வந்தது அரிய நிகழ்வு. கூட்டமைப்பின் தலைவராக அப்போது இருந்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட் லசோவ்ஸ்கா. அறக்கட்டளையின் கணினிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெனட் விங். 2009-இல் 60 பேர், 2010-இல் 47 பேர், 2011-இல் 20 பேர் என மொத்தம் 127 பேருக்கு இடம் கிடைத்தது. வேலைச் சந்தை தேறியதும் திட்டம் நிறுத்தப்பட்டது. கோவிட் காலத்தில் நியமனங்கள் மீண்டும் உறைந்தபோது, 2020-இலும் 2021-இலும் அதே பெயரில் திரும்ப வந்தது.

இத்திட்டத்தின் அமைப்பில் ஒரு சிறு விதி இருந்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் தேர்வாகலாம், ஒரே பல்கலைக்கழகம் எத்தனை பேரை ஏற்றுக்கொள்ளலாம் என்ற இரண்டுக்கும் வரம்பு வைத்திருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பணத்தை நாடு முழுவதும் பரப்பும் நிர்வாக ஏற்பாடு. சற்று உற்றுப் பார்த்தால், முன்னே சொன்ன 18 பல்கலைக்கழகங்களின் பிடியை இரண்டு முனைகளிலும் தளர்த்தும் கருவி. வரம்பு இல்லாமல் ஆய்வுத் தகுதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் ஸ்டான்ஃபோர்டும் எம்ஐடியும் பெர்க்லியும் கார்னகி மெலனும் பட்டியலை நிரப்பியிருக்கும் என்பதை, அத்துறையின் நியமன வரலாற்றைப் பார்த்தவர் எவரும் எளிதில் ஊகிக்கலாம். வரம்பு இருந்ததால், பெரிய பெயரில்லாத மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்குப் பெரிய பெயருள்ள ஆய்வகம் ஒன்றில் இடம் கிடைக்க வழி பிறந்தது. பெரிய இடத்தில் படித்தவர்கள் வேறு ஊர்களுக்கும் போனார்கள்.

ஆனால் குறைந்த பிரதிநிதித்துவம் கொண்ட பிரிவினரை உள்ளே கொண்டுவருவது இத்திட்டத்தின் நேரடி நோக்கம் அல்ல; தேர்வில் கவனிக்கப்பட்ட பலவற்றுள் பன்மைத்துவமும் ஒன்று. ஈராண்டு முடிந்த பிறகு ஆய்வாளருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தரக் கடமைப்படவில்லை. அவர் முன்பு நின்ற அதே வேலைச் சந்தையில், சற்றுக் கனத்த தற்குறிப்போடு மீண்டும் நின்றார். சந்தை தேறியிருந்ததால் பலருக்கும் அது பலித்தது. தேறாமல் போயிருந்தால் திட்டத்திடம் மாற்று ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு கவலையும் அப்போது எழுந்தது. கணினித் துறையில் போஸ்ட்டாக்குகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்குள் மளமளவென உயர்ந்ததைச் சுட்டிக்காட்டி, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் அனிதா ஜோன்ஸ் 2013-இல் எச்சரித்தார். உயிரியலில் நடந்ததுபோல் இங்கும் போஸ்ட்டாக் எழுதப்படாத கட்டாயமாகிவிட்டால், நுழைவாசல் ஓரிரு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளப்படும். காத்திருக்க வசதி இல்லாதவர்களே முதலில் விலகுவார்கள். பன்மைத்துவத்துக்காக உருவாக்கப்படும் போஸ்ட்டாக் திட்டங்கள் எல்லாவற்றின் மீதும் இந்தக் கத்தி தொங்குகிறது என்பதை அவற்றை நடத்துபவர்கள் அதிகம் பேசுவதில்லை.

1984-இன் திட்டமும் பணியிடக் கணக்கும்

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. இந்தியாவில் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களுக்கு 2019-இன் சட்டப்படி நேரடி இட ஒதுக்கீடு உண்டு. அது எவ்வளவு நிரப்பப்படுகிறது என்பது வேறு வழக்கு. அமெரிக்காவில் அந்த வழியே அடைபட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கியிருந்ததை எதிர்த்து ஆலன் பாக்கி தொடுத்த வழக்கில், இத்தகைய ஒதுக்கீடு செல்லாது என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பல்கலைக்கழகம் ஆறு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய முதுமுனைவர் திட்டத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். இடத்தை ஒதுக்க முடியாதபோது, இடத்துக்குத் தகுதியானவர் என்று யாரும் மறுக்க முடியாதபடி ஆளை உருவாக்குவது என்ற சுற்றுவழி அது. பெண்களும் சிறுபான்மையினரும் முனைவர் பட்டத்துக்குப் பிறகு கல்விப்புலத்திலேயே தொடர ஊக்குவிப்பது என்பதே தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட நோக்கம்.

1996 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 209-ஆம் முன்மொழிவை நிறைவேற்றியபோது அந்த நோக்கத்தை அதே சொற்களில் வைத்திருக்க இயலவில்லை. அரசு வேலையிலும் அரசுக் கல்வியிலும் இனம், பாலினம் முதலியவற்றின் அடிப்படையில் முன்னுரிமை தருவதை அது தடை செய்தது. திட்டம் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது: விண்ணப்பதாரர் யார் என்பது போய், அவரது ஆய்வும் கற்பித்தலும் பணியும் பன்மைத்துவத்துக்கும் சம வாய்ப்புக்கும் என்ன செய்திருக்கின்றன, என்ன செய்யும் என்பது வந்தது. எந்த இனத்தவரும் எந்தப் பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆய்வுத்திட்டம், ஆய்வேட்டின் சுருக்கம், எழுத்து மாதிரி, கல்விப் பின்னணி பற்றிய அறிக்கை, பன்மைத்துவப் பங்களிப்பு பற்றிய அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு, பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களில் ஒன்றில் தனக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்ட பேராசிரியரின் கடிதமும் வேண்டியிருந்தது. இந்தக் கடைசிக் கடிதம்தான் கணினித் துறை விண்ணப்பதாரருக்குப் பெரிய சுவர் என்பது என் கணிப்பு. அறிமுகமில்லாத பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிப் பதில் பெறுவதும், அந்தப் பேராசிரியரை மாநாட்டில் இரண்டு முறை சந்தித்த ஒரு வழிகாட்டி அறிமுகக் குறிப்பு எழுதித் தருவதும் ஒன்றல்ல. வலைப்பின்னலுக்கு வெளியே இருப்பவரை உள்ளே அழைக்கும் திட்டத்தின் முதல் படியே வலைப்பின்னலைக் கேட்கிறது.

இந்தச் சிக்கலை அடையாளம் கண்ட முயற்சி ஒன்றும் அதே மாநிலத்தில் நடந்தது. பெர்க்லி, யுசிஎல்ஏ, ஸ்டான்ஃபோர்டு, கால்டெக் ஆகிய நான்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு கலிஃபோர்னியக் கூட்டணியை அமைத்தன. கணிதம், இயற்பியல் அறிவியல்கள், கணினி அறிவியல், பொறியியல் ஆகியவற்றில் குறைந்த பிரதிநிதித்துவம் கொண்ட பிரிவுகளைச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர்களையும் போஸ்ட்டாக்குகளையும் பேராசிரியர் பதவிக்கு நகர்த்துவதே அதன் வேலை. பின்னாளில் ஜார்ஜியா டெக், ஹார்வர்டு, மிச்சிகன், டெக்சஸ் ஆஸ்டின், வாஷிங்டன் ஆகியவையும் சேர, அது ஒன்பது பல்கலைக்கழகக் கூட்டணியாக விரிந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஆய்வுப் பரிமாற்றம் என்ற எளிய ஏற்பாடு: ஓர் இளம் ஆய்வாளர் கூட்டணியிலுள்ள வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சிறிது காலம் போய், அங்குள்ள ஆய்வகத்தோடு பழகி, தன் ஆய்வை அவர்கள் முன் பேசிவிட்டு வர முடிந்தது. வழிகாட்டியின் கடிதம் பிறப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சந்திப்பில்தான்.

1984-இன் திட்டத்தின் உண்மையான வலு பணியமர்த்தல் ஊக்கத்தொகையில் இருந்தது. உதவித்தொகை பெற்ற ஆய்வாளர் ஒருவரைப் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு வளாகம் நிரந்தரப் பணிக்கு வழிவிடும் பதவியில் அமர்த்தினால், அவரது சம்பளத்துக்குப் பல்கலைக்கழகத் தலைவர் அலுவலகம் ஐந்து ஆண்டுகள் நிதியுதவி தந்துவந்தது. அதோடு, பொது விளம்பரமும் தேர்வுக்குழுவும் இன்றியே அவரை நியமிக்க விதிவிலக்கு பெறவும் வழி இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் அதிகாரத்தின் அலகு பணியிடம். எந்தத் துறைக்கு எத்தனை பணியிடம் என்பதில்தான் டீனுக்கும் துறைத்தலைவருக்கும் ஆண்டுதோறும் இழுபறி. முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சம்பளச் சுமை குறையும் ஒரு பணியிடம் வருகிறது என்றால், பன்மைத்துவத்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாத டீன்கூடக் காது கொடுப்பார். அவரை மனம் மாற்ற வேண்டியதில்லை. அவர் கணக்குப் போட்டால் போதும். மிச்சிகன் போன்ற பிற பல்கலைக்கழகங்களும் இத்திட்டத்தோடு இணைந்து தத்தம் பதிப்புகளைத் தொடங்கின. மிச்சிகன் மாநிலத்திலும் 2006-இல் 209-ஐ ஒத்த தடை நிறைவேறியிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த அமைப்பு அங்கே ஏன் ஈர்த்தது என்பது புரியும்.

கணினித் துறையில் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தவில்லை. புதிய கணினிப் பேராசிரியருக்குச் சம்பளம் மட்டும் செலவு அல்ல. மாணவர்களுக்கான உதவி, கணினிக் கருவிகள், பயணம் என்று தொடக்க நிதியாகப் பல லட்சம் டாலர் தரவேண்டும். ஊக்கத்தொகை அதைத் தொடுவதில்லை. அடுத்து, நல்ல கணினி ஆய்வாளருக்கு வேறு பல்கலைக்கழகங்களிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் அழைப்பு வரும். கலிஃபோர்னியாவின் பணத்தில் வளர்ந்தவர் வேறு மாநிலத்தில் பேராசிரியராகும்போது திட்டத்தின் சொந்தக் கணக்கில் அது நட்டமாகவே தெரியும். துறை முழுவதையும் பார்த்தால் நட்டம் இல்லை. மூன்றாவது, விளம்பரமில்லாத நியமனத்தின் நிழல். ஒரு பெரிய துறையில் ஒரு பணியிடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் சூழலில், போட்டியில்லாமல் வந்தவர் என்ற பேச்சு தாழ்வாரத்தில் எழத்தான் செய்யும். இந்த மனக்குறையில் நியாயம் குறைவு என்றே நினைக்கிறேன். ஈராண்டு அதே துறையில் ஆய்வு செய்து, கருத்தரங்கில் பேசி, மாணவர்களோடு பணியாற்றியவரை, ஒரே நாள் நேர்காணலில் பார்த்தவரைவிடத் துறை நன்றாகவே அறிந்திருக்கிறது. இருந்தாலும் அந்தப் பேச்சின் சுமையைத் தூக்குபவர் நியமிக்கப்பட்டவரே. விதிவிலக்கை உருவாக்கியவர்கள் அல்லர்.

நாட்காட்டி செய்யும் சதி

இத்திட்டங்களில் கால அளவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனெனில் அறிவிப்புகளில் இது ஒரு வரியில் கடந்துபோகிறது. கலிஃபோர்னியத் திட்டம் ஓராண்டுக்கு வழங்கப்பட்டு, முன்னேற்றத்தைப் பார்த்து இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிக்கப்படும். ஆய்வாளர் ஜூலையில் பணியில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினித் துறைப் பேராசிரியர் பதவிகளுக்கான விண்ணப்பங்கள் நவம்பர், டிசம்பரில் முடிகின்றன. நேர்காணல்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஓராண்டுதான் உறுதி என்றால், ஊர் மாறி, வீடு பிடித்து, புதிய ஆய்வகத்தின் நடைமுறை பழகிய நான்காம் மாதத்திலேயே அவர் விண்ணப்பம் எழுதத் தொடங்கவேண்டும். அதற்குள் புதிய வழிகாட்டியோடு ஒரு கட்டுரை முடிந்திருக்க வாய்ப்பில்லை. பரிந்துரைக் கடிதத்தில் அந்த வழிகாட்டி என்ன எழுதுவார்? நல்லவர், உழைப்பவர், இன்னும் பார்க்கவேண்டும் என்ற தொனிதான் வரும். அது தேர்வுக்குழுவின் மேசையில் பாதிப்பை ஏற்படுத்தும்.

இரண்டாம் ஆண்டு உறுதியாக இருந்தால் கதை மாறுகிறது. கணினி அறிவியலில் ஆய்விதழைவிட மாநாட்டுக் கட்டுரைக்கு மதிப்பு அதிகம்; சமர்ப்பித்த சில மாதங்களில் முடிவு தெரிந்துவிடும். முதல் நவம்பரைக் கவலையின்றிக் கடக்க முடிந்தவருக்கு, இரண்டாம் நவம்பருக்குள் மூன்று நான்கு சமர்ப்பிப்புச் சுற்றுகள் கிடைக்கும். முதல் முயற்சியில் நிராகரிக்கப்பட்ட கட்டுரையைத் திருத்தி வேறு மாநாட்டுக்கு அனுப்பவும் நேரம் இருக்கும். கணினித் துறையில் இதைவிட வசதியான வழக்கம் ஒன்றும் உண்டு: பேராசிரியர் பதவியை முதலில் பெற்றுக்கொண்டு, சேரும் தேதியை ஓராண்டு தள்ளிவைத்து, அந்த ஓராண்டை வேறிடத்தில் போஸ்ட்டாக்காகக் கழிப்பது. கையில் வேலையோடு செய்யும் போஸ்ட்டாக்குக்கும் வேலை தேடிக்கொண்டே செய்யும் போஸ்ட்டாக்குக்கும் தற்குறிப்பில் ஒரே வரிதான்; அனுபவம் முற்றிலும் வேறு. முன்னதைப் பெறுபவர்கள் பெரும்பாலும் மதிப்புமிக்க பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

உதவித்தொகையின் சுதந்திரம் என்ன விளைவிக்கும் என்பதற்கு, மேற்கண்ட இரண்டு திட்டங்களுக்கும் வெளியே உள்ள ஒரு நிகழ்வைக் காட்டலாம். எத்தியோப்பியாவில் பிறந்த டிம்னிட் கெப்ரு 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நியூயார்க் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் எம்ஐடியின் ஜாய் புவோலம்வினியோடு இணைந்து, முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிக்கும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுடைய 1,270 முகங்களைத் தோல்நிறத்தின்படி வகைப்படுத்தி நடத்திய சோதனை அது. வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. சோதிக்கப்பட்ட மூன்றில் ஒன்று அவருக்குச் சம்பளம் தந்த மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள். 2018-இல் கட்டுரை வெளிவந்தது. நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் திருத்தின.

தன் முதலாளியின் பொருளைத் தானே சோதித்து முடிவை வெளியிடும் துணிவுக்கு ஆளின் குணம் ஒரு காரணம். போஸ்ட்டாக் பணியின் இயல்பு மற்றொரு காரணம் என்பேன். விற்பனை இலக்கு கிடையாது. தலைப்பை ஆய்வாளரே தேர்கிறார். ஈராண்டில் கிளம்பப்போகிறவரைக் கட்டுப்படுத்தும் ஆர்வமும் நிறுவனத்துக்குக் குறைவு. அதே கெப்ரு நிரந்தர ஊழியராக கூகுளில் இருந்தபோது ஒரு கட்டுரையைச் சுற்றி எழுந்த பூசலில் 2020 டிசம்பரில் அங்கிருந்து வெளியேற நேர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். கறுப்பினப் பெண்களின் முகங்களைப் பற்றிய கேள்வி அத்துறையில் அதுவரை உரக்க எழாததற்கும், அத்துறையில் அவர்கள் இல்லாததற்கும் உள்ள தொடர்பு வெளிப்படை. 2017-இலேயே கெப்ருவும் கணினி அறிவியலர் ரெடியட் அபேபேயும் பிறரும் சேர்ந்து, செயற்கை நுண்ணறிவுத் துறையில் உள்ள கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய பிளாக் இன் ஏஐ என்ற அமைப்பு, இளம் ஆய்வாளர்களுக்கு அந்த அறிமுகக் கடிதங்கள் கிடைக்கும் வலைப்பின்னலாக வளர்ந்தது.

2023-க்குப் பின்

2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா வழக்குகளில் உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வது செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சேர்க்கையைப் பற்றியது என்றாலும், பல்கலைக்கழக வழக்கறிஞர்கள் உதவித்தொகை விதிகளையும் எடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். 209-இன் கீழ் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்து பழகிய கலிஃபோர்னியத் திட்டத்துக்கு அப்போது அதிர்ச்சி குறைவு. பிற மாநிலங்கள் அதன் விண்ணப்பப் படிவத்தை மாதிரியாகக் கொண்டன. 2025-இல் காற்று வேறு திசையில் அடித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ஆசிரியர் நியமனங்களுக்குப் பன்மைத்துவ அறிக்கையைக் கட்டாயமாகக் கேட்பதைக் கைவிடுமாறு வளாகங்களுக்குச் சொன்னது. அதே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பன்மைத்துவ அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது. ஏப்ரலில் தேசிய அறிவியல் அறக்கட்டளை, புதிய அரசின் கொள்கைக்கு ஒத்துவராதவை என்று கருதிய மானியங்களை நடுவழியிலேயே நிறுத்தத் தொடங்கியது. பன்மைத்துவம் தொடர்பானவை அவற்றில் முதன்மையானவை. அடையாளத்துக்குப் பதிலாகப் பங்களிப்பை அளப்பது என்று 1990-களின் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட வழி, இப்போது பங்களிப்பு என்ற சொல்லுக்காகவே கேள்விக்கு உள்ளாகிறது.

இந்நிலையில் இரண்டு திட்டங்களின் உறுப்புகளையும் பிரித்துப் பார்த்தால் எதற்கு எவ்வளவு ஆயுள் என்று கணிக்கலாம். பன்மைத்துவ அறிக்கை தாக்குதலின் நடுவில் நிற்கிறது. ஊக்கத்தொகை சட்டப்படி தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அது தலைமை அலுவலகத்தின் பணத்தை நம்பியிருப்பது, பணமோ இறுக்கமான ஆண்டுகளில் முதலில் வெட்டப்படுவது. எஞ்சுவது சிஐஃபெலோஸ் திட்டத்தின் வரம்பு விதி. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இத்தனை பேருக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதில் இனமும் இல்லை, பாலினமும் இல்லை. எந்த நீதிமன்றத்திலும் அதைப் பாகுபாடு என்று வாதிடுவது கடினம். கறுப்பின, ஹிஸ்பானிக் முனைவர்கள் பலரும் முதல் 18-க்கு வெளியே படிக்கிறார்கள் என்றால் அந்த விதி அவர்களுக்குத் தானாகவே உதவும். ஏழ்மையில் வளர்ந்த வெள்ளையினத்தவருக்கும், அமெரிக்கக் கணக்கில் ஆசியர் என்ற ஒரே பெட்டிக்குள் அடைக்கப்படும் நம்மவர்களில் பெரிய பெயரில்லாத பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் உதவும். அதை ஊக்கத்தொகையோடு பிணைத்து, மேல் 18-க்கு வெளியே பட்டம் பெற்ற போஸ்ட்டாக்கை நியமிக்கும் துறைக்கு முதல் சில ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு என்று எழுதினால், 1984-இன் திட்டத்தின் வலுவும் 2009-இன் திட்டத்தின் வலுவும் ஒரே இடத்தில் சேரும். கணினித் துறையில் அந்த விதி இதுவரை நடைமுறையில் இருந்தது 2009 முதல் 2011 வரையிலும், 2020, 2021 ஆகிய ஆண்டுகளிலும். அதாவது வேலைச் சந்தை படுத்துவிட்ட காலங்களில் மட்டும்.